பாவு இல்லாத தறி

— தாப்பாளப் போட்டுட்டீங்களா அண்ணி? மேலயும் போடுங்க, கீழயும் போடுங்க.

— போட்டுட்டேன் சுகன்யா. கீழ்த் தாப்பா ரொம்ப நாளாவே சரியா வுழாது. நீ அந்தப் பொடவை ட்ரங்குப் பெட்டிய இந்தப் பக்கம் தள்ளு. கதவோட ஒட்டி வை.

— நீங்க நகருங்க, நான் தள்றேன். பேசாதீங்க, வாயெல்லாம் ரத்தம். எதால அடிச்சான்?

— நாடாவால. தறியில குறுக்க ஓடுற நாடா. முனையில இரும்பு இருக்குமே, அந்த முனைதான் பட்டுது. பல்லு ஒண்ணு ஆடுது. நாக்கால தள்ளுனா நகருது.

— தள்ளாதீங்க அண்ணி! இந்தாங்க, துப்பட்டாவ மடிச்சுக் கடிச்சுகினு இருங்க. கை எப்படி இருக்குது?

— கை வலிக்கல. அதான் பயமா இருக்குது.

— ஏய் சுகன்யா! கதவத் தொறடி! யார் வூட்டுல யாரு கதவச் சாத்தறது?

— தொறக்க மாட்டேண்ணா. நீ மொதல்ல போய் மூஞ்சி கழுவிட்டு வா. அப்பறம் பேசலாம்.

— இன்னா பேசறது? பெங்களூர்லருந்து வந்துகினு எனக்குப் பாடம் எடுக்கறியா? அந்த ஜீனு டெஸ்ட்டு ரிசல்ட்டு வந்துச்சா, இல்லியா? ஒரே வார்த்தை சொல்லு.

— வந்துடுச்சு.

— அப்போ வாயத் தொறந்து சொல்லேன்டி! சாயந்திரம் பஞ்சாயத்து. மாணிக்கவேல் வூட்டுல பெரிய மனுசனுங்கல்லாம் குந்திகினு இருப்பானுங்க. முள்ளிப்பட்டுலருந்து இவ அப்பன் வேற வர்றான், பொண்ண இட்டுகினு போறேன்னு. நான் அங்க நின்னு இன்னா சொல்றது?

— உள்ளதச் சொல்லு.

— உள்ளதுன்னா? நோயி கீதுன்னு சொல்லு! நீதான சொன்ன, ஒரே ஒரு ஜீனு இல்லன்னா எலிகூட அப்படித்தான் கடிக்கும்னு? வாய்கிழிய வீடியோலாம் காட்டுனல்ல? எலி பண்ணா ஜீனு, இந்த ராஜ்குமார் பண்ணா கேஸா? எந்த ஊரு ஞாயம் இது?

— ரிசல்ட்ட நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்னுதான சொன்னேன்? போனப் புடுங்கி எதுக்குச் சுவத்துல அடிச்ச?

— பாஸ்வேர்டு கேட்டேன், குடுத்தியா? தோ பார். போன் போனா போவுது. உன் மண்டையில கீதுல்ல, அத்த எடுத்து நல்லபடியா சொல்லு. இவரு உடம்புல அந்த ஜீனு இல்ல, இவரு மேல தப்பு இல்ல, மாத்திர குடுத்தா சரியாவும். அவ்ளோதான். சொன்னா ஒன் அண்ணன் குடும்பம் பொழைக்கும். இல்லன்னா இன்னிக்கு உன்னையும் சேத்து ஒதைப்பேன், கூடப் பொறந்தவன்னு பாக்க மாட்டேன்.

— மெரட்டாத.

— மெரட்டல. நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வர்றன். அதுக்குள்ள ரெண்டு பேரும் யோசிச்சு வைங்க. ஏய் பரிமளா! அவளுக்கு நீயாவது புத்தி சொல்லு. செய்யறதயும் செஞ்சுட்டு உள்ள போய் ஒளிஞ்சுகினியா, சனியனே!

— போயிட்டானா அண்ணி?

— கதவுக்கு அடியில நெழலு இல்ல. போயிட்டாரு.

— நாம ரெண்டு பேரும் சேந்து கத்துனா என்ன? பக்கத்து வீட்டுக்குக் கேக்காதா?

— கத்திப் பாக்காமலா இருப்பேன்? கரண்டுத் தறி ஓடுதே, அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? பக்கத்து வூட்டுப் பொன்னியம்மாக்கா மறுநாள் கொழாயடியில பாத்துட்டு, 'ஏன்டி பரிமளா, கன்னம் வீங்கிகினு இருக்குது, பல்லு வலியா? கிராம்பு வெச்சுக்கோ'ன்னாங்க. சும்மா கேக்கல சுகன்யா, நெஜமாவே கேட்டாங்க. அவங்களுக்குத் தெரியவே இல்ல. அதோட நான் கத்தறத வுட்டுட்டேன்.

— அம்மா எங்க?

— அத்த தறி ஷெட்டுலதான் இருக்காங்க, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். அவங்களுக்கும் பாவம் எடது காது கேக்காதுல்ல, தறிச் சத்தத்துல போன காது. எங்களுக்குள்ள சண்டைன்னு வந்துட்டா அவங்களால தாங்கவே முடியாது. எழுந்து போய்த் தறியாண்ட உக்காந்துப்பாங்க. நானும் ஒண்ணும் சொல்றதில்ல. வயசானவங்க, எதுக்கு இதையெல்லாம் பாக்கணும்?

— சின்ன வயசுல எனக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. சில நாளு அப்பா ராத்திரிலகூட ஓட்டுவாரு. எங்கப்பா மாதிரி உழைப்பாளி இந்தத் தெருவுலயே கெடையாதுன்னு ஸ்கூல்ல பீத்திகினு இருப்பேன். ஹாஸ்டல்ல சேத்தப்போ அந்தச் சத்தம் இல்லாம தூக்கமே வராம அழுதேன்.

— மாமா நல்ல மனுசனா இருந்தாருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இவரு ஏன்தான் இப்படிப் பொறந்தாரோ. சுகன்யா, நான் ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அந்த ரிசல்ட்டு என்னா?

— மொதல்ல நீங்க சொல்லுங்க. என்ன வரணும்னு நெனச்சீங்க?

— நோயின்னு வரணும்னு.

— ஏன் அண்ணி?

— படவேட்டம்மனுக்கு வேண்டிகினேன். எவளாவது புருசனுக்கு நோயி வரணும்னு வேண்டிக்குவாளா? நான் வேண்டிகினேன். தாயே, இந்த ஆளுக்கு நோயின்னு வந்துட்டா மாவிளக்குப் போடறேன்னு. நோயின்னா அப்பறம் அவரு என்னை அடிக்கலல்ல? நோயிதான அடிக்குது? அப்படின்னா நான் இருந்துடுவேன் சுகன்யா. மாத்திரை குடுத்துகினு, பாத்துகினு, எப்படியோ காலத்த ஓட்டிடுவேன். எங்கப்பாகிட்டயும் அதான் சொல்லி வெச்சிருக்கேன். ரிசல்ட்டு வரட்டும்பா, நோயின்னா இங்கயே இருக்கேன், இல்லன்னா உன்கூடக் கெளம்பிடறேன்னு.

— அந்த எலி வீடியோவ உங்ககிட்டயும் காட்டினானா?

— காட்டறதா? நல்லா கேட்ட போ. நீ பொங்கலுக்கு வந்தப்ப அவரு போனுக்கு அனுப்பிட்டுப் போனியே, அதுலருந்து தெனமும் அதான். அடிச்சு முடிச்சதும் என் பக்கத்துல வந்து குந்திகினு அதைப் போட்டுக் காட்டுவாரு. 'பாரு பரிமளா, வாயில்லாத எலியே இப்படிக் கடிக்குது. நான் இன்னா பண்ணுவேன், எனக்குள்ள கீது'ன்னு சொல்லி அழுவாரு. நான்தான் கண்ணத் தொடச்சு வுடுவேன்.

— கடவுளே. நீ என்ன வேலை பாக்கறன்னு எல்லாரும் கேட்டீங்களேன்னு பெருமைக்குக் காட்டினேன் அண்ணி. அது அவன் கையில இப்படி ஆவும்னு தெரியலியே.

— வுடு, நீ என்ன பண்ணுவ? அந்த எலிய நீ நேர்ல பாத்திருக்கியா?

— எங்க லேப்ல நான்தான் அதுங்கள வளக்கறேன். தீனி போடறது, கூண்டு மாத்தறது, சோதனை பண்றது எல்லாம் நான்தான்.

— அதுகிட்டருந்து என்னாத்த எடுக்கறீங்க? மண்டைய அறுத்தா எடுப்பீங்க?

— அறுக்கறதெல்லாம் இல்ல. பொறக்கும்போதே அந்த ஒரு ஜீன் வேலை செய்யாத மாதிரிப் பொறக்கும். பாக்க மத்த எலி மாதிரியேதான். முடி, வாலு, மீசை எல்லாம் அதேதான். அந்த ஜீனோட வேலை அலசறது. இப்ப பட்டு நூலுக்குச் சாயம் போட்டா, மிச்சச் சாயத்த அலசி வுடுவாங்கல்ல?

— அலசலன்னா மொத தண்ணியிலயே சாயம் கெளம்பி ஒடம்பெல்லாம் ஒட்டுமே.

— அதேதான். கோவம், பயம், பதட்டம், இதுக்கெல்லாம் மூளையில சில சரக்கு ஊறும். வேலை முடிஞ்சதும் அதை அலசித் தள்ளணும். அந்த ஜீன் இல்லன்னா சரக்கு அங்கயே தேங்கிடும். ஆம்பள எலிங்களா இருந்தா கடிச்சுக் குதறும். காலைல கூண்டத் தொறந்தா ஒண்ணோட பின்பக்கத்துல தோலே இருக்காது. வெளிய இருக்கற எலி ஒண்ண அந்தக் கூண்டுல வுட்டா, சாதா எலி மோந்து பாக்கும், சுத்தி வரும், கொஞ்ச நேரம் எடுத்துக்கும். இது எடுத்துக்காது. வுட்ட வேகத்துல பாஞ்சுடும். ஒருதரம் என் கை உறையோட சேத்து வெரலக் கவ்விடுச்சு. ஒதறிப் பாத்தேன், செவுத்துல தேச்சேன், வுடவே இல்ல. ரத்தம் சொட்டச் சொட்டத் தொங்கிகினு இருந்துச்சு.

— யம்மாடி!

— பயத்தையும் அது மறக்காது. ஒரு எடத்துல ஒருதரம் ஷாக் வாங்குச்சுன்னா போதும். மறுநாள் அங்க கொண்டுபோய் வெச்சா மத்த எலிய விட ரொம்ப நேரம் வெறச்சுப் போய் நிக்கும்.

— இவரும் சொல்லுவாரு, 'எனக்கு எதுவும் மறக்காதுடி'ன்னு. கல்யாணப் பந்தியில என் மாமன் மவனோட நான் சிரிச்சுப் பேசுனேனாம். அதுக்கு இன்னமும் அடி வாங்கிகினு இருக்கேன். சரி, இந்த ஜீனு அப்பன்கிட்டருந்து வருமா?

— ஆம்பளப் பிள்ளைக்கு இது அம்மாகிட்டருந்துதான் வரும். அந்த ஜீன் இருக்கற எடம் அப்படி. வெளிநாட்டுல ஒரு குடும்பத்துல கண்டுபிடிச்சாங்க, அங்கயும் அம்மா வழியாத்தான் வந்துச்சு. ஒலகத்துலயே ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான் இருக்குது. அதனாலதான் நானும் சந்தேகம் தீரட்டும்னு அவன் ரத்தத்த எடுத்து அனுப்பச் சொன்னேன். அம்மாவுக்கு இதைப் போன்லதான் சொன்னேன். 'அப்போ என்கிட்டருந்துதானா வந்துச்சு'ன்னு கேட்டுட்டு வெச்சுட்டாங்க.

— ஓ, அதுவா! அன்னைக்கு அத்த பச்சத்தண்ணிகூட குடிக்கல. எனக்குக் காரணம் புரியல.

— கடி வாங்குன எலிய நாங்க அதே கூண்டுல வுட்டு வெக்க மாட்டோம் அண்ணி. மருந்து போட்டு வேற கூண்டுல வெச்சுடுவோம்.

— வேற கூண்டு இருக்குதா அங்க?

— உங்களுக்கும் இருக்குது. என்கூட பெங்களூர் வந்துடுங்க. இல்ல, உங்க அப்பாகூடப் போங்க. சரி, நான் கேக்கறதுக்கு நல்லா யோசிச்சுப் பதில் சொல்லுங்க. அவன் எப்ப அடிப்பான்?

— எதுக்கு வேணாலும்தான். சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னா அடிப்பாரு, மேஸ்திரி திட்டுனா அடிப்பாரு...

— எதுக்குன்னு கேக்கல. எப்பன்னு கேக்கறேன்.

— எப்பன்னா, தறி ஓடும்போது.

— தறி ஓடும்போதா?

— ஆமா. கரண்டு போச்சுன்னா அடிக்க மாட்டாரு. நானும் மொதல்ல இதைக் கவனிக்கல. ஆடிக் காத்துல டிரான்ஸ்பார்மர் வெடிச்சு ரெண்டு நாளு தெருவுக்கே கரண்டு இல்ல. அந்த ரெண்டு நாளும் மனுசன் தங்கம்! நான் கைதவறி அவரு புது போனத் தண்ணித் தொட்டியில போட்டுட்டேன் சுகன்யா. செத்தேன்னு நெனச்சேன். பல்ல நறநறன்னு கடிச்சாரு, கையத் தூக்குனாரு, தூக்குன கை அப்படியே நின்னுச்சு. தெருவுல கொழந்தைங்க வெளையாடற சத்தம்கூடத் தெளிவாக் கேட்டுகினு இருந்துச்சு. கைய எறக்கிட்டு வெளிய போயிட்டாரு.

— அப்பறம்?

— கரண்டு வந்துச்சு. அதுக்கும் சேத்து வாங்குனேன். இந்தப் புருவத்துல தையல் போட்டது அன்னைக்குத்தான்.

— தூக்குன கைய நிறுத்தினானா அண்ணி? நல்லா பாத்தீங்களா?

— என் மூஞ்சிக்கு நேராதான நின்னுச்சு? பாக்காம எப்படி?

— எங்க எலிக்குக் கரண்டு இருக்குதா, போச்சான்னு தெரியாது. நாங்க சுத்தி நின்னு பாத்தாலும் கடிக்கும், வெளக்கப் போட்டாலும் கடிக்கும். கேமரா வெச்சா கேமரா முன்னாடியே கடிக்கும். யாருக்குக் கேக்கும், யாருக்குக் கேக்காதுன்னு அதுக்கு நெனப்பே கெடையாது. கரண்டு வரட்டும்னு காத்துகினு இருக்காது. டீ குடிச்சுட்டு வந்து அடிக்கறேன்னு சொல்லிட்டுப் போவாது.

— நீ என்னா சொல்ல வர்ற?

— ரிசல்ட் சொல்றேன். அவனுக்கு அந்த ஜீன் முழுசா இருக்குது. ஒரு எழுத்துகூட மாறல. நோயெல்லாம் ஒண்ணும் இல்ல.

— ஒண்ணுமே இல்லியா?

— இல்ல.

— கொஞ்சம்கூடவா?

— கொஞ்சம்கூட இல்ல அண்ணி.

— அப்போ என்னைத்தான் அடிச்சிருக்காரு.

— அழாதீங்க. பல்லுல மறுபடியும் ரத்தம் வருது பாருங்க.

— இத்தன நாளும் என்னையேதான் அடிச்சிருக்காரு. அடி வாங்குனது பரவால்ல சுகன்யா. நான் கண்ணத் தொடச்சு வுட்டேன் பாரு, அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது.

— இன்னாங்கடி, உள்ள ஒப்பாரியா? டீ குடிச்சாச்சு. சுகன்யா, யோசிச்சியா?

— அண்ணி, வந்துட்டான். எழுந்து என் பின்னாடி வாங்க.

— சுகன்யா, மெதுவாப் பேசு. நோயின்னே சொல்லிடு. கதவத் தொறந்துடுவாரு, நாம வெளிய ஓடிடலாம். அப்பறம் பாத்துக்கலாம்.

— இப்ப சொன்னா சாயந்திரமும் அதையேதான் சொல்லணும். பெரிய மனுசங்க எல்லாரும் தலைய ஆட்டுவாங்க. 'நோயாளிம்மா, நீதான் அனுசரிச்சுப் போவணும்'பாங்க. ஆயுசுக்கும் அவனுக்கு லைசென்ஸ் குடுத்த மாதிரி. நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்க சொல்லச் சொன்னா பொய் சொல்லிடறேன்.

— இன்னா முணுமுணுன்னு? சத்தமாச் சொல்லு! எனக்கு ஜீனு கீதா, இல்லியா?

— சுகன்யா, நீ ஒண்ணும் சொல்லாத.

— அண்ணி?

— நான் சொல்லிக்கறேன். இந்தாய்யா! கேட்டுக்கோ! உனக்கு நோயும் இல்ல, நொடியும் இல்ல! எல்லாம் முழுசா இருக்குது! நீ எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல! தெரிஞ்சேதான் அடிச்ச! ஒவ்வொரு அடியும் தெரிஞ்சேதான் அடிச்ச!

— யாரது? பரிமளாவா? நீயா என்னை 'நீ'ன்னு பேசற?

— ஆமா, நான்தான்! சாயந்திரம் வந்து எல்லார் முன்னாடியும் இதையேதான் சொல்லுவேன்! எங்கப்பாகூடக் கெளம்பிடுவேன்!

— வருவியா? எந்தக் கால்ல நடந்து வருவ? இருடி. நோயில்லாதவன் எப்படி அடிப்பான்னு இன்னிக்குக் காட்டறன். இந்தக் கதவு தேக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டே குத்துதான்.

— அண்ணி, எங்க போறான்?

— பின்னாடி ஷெட்டுக்கு. கடப்பாற அங்கதான் இருக்குது. அய்யோ, நான் வாய வெச்சுகினு சும்மா இருந்திருக்கலாம்.

— இல்ல அண்ணி, நல்லாத்தான் சொன்னீங்க. பெட்டிய இன்னும் அழுத்திப் புடிங்க. என்ன இது, சத்தம் கூடுது?

— ரெண்டாவது தறியும் ஓடுது.

— ரெண்டாவது தறியா? அதுல பாவு தீந்துபோச்சு, புதுப் பாவு ஏத்த ஆளு வரணும்னு காலைல அம்மா சொன்னாங்களே?

— ஆமா. நேத்தே தீந்துடுச்சு. நான்தான் கடைசிப் பொடவைய அறுத்து எடுத்தேன். ஒரு இழைகூட இல்ல அதுல.

— நீளவாக்குல நூலே இல்லாம எதை நெய்யறதுக்குத் தறி ஓடுது?

— இரு, பேசாத. கேளு. நூலு இருந்தா சத்தம் அமுங்கி வரும். இது மரமும் இரும்பும் வெறுமனே மோதற சத்தம், வெறுந்தறி. சுகன்யா, இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன மாசம் என் வெரல வளைச்சு ஒடைச்சாரே, அன்னைக்கும் இதேதான் கேட்டுச்சு. வலியில என் காதுக்குள்ளதான் ஏதோ இரையுதுன்னு நெனச்சேன்.

— அண்ணி, ஷெட்டுல யாரு இருக்காங்க?

— அத்த மட்டும்தான்.

— சண்டை வந்தா அம்மா போய்த் தறியாண்ட உக்காந்துப்பாங்கன்னு சொன்னீங்கல்ல? அப்ப தறி ஏற்கெனவே ஓடிகினு இருக்குமா, இல்ல அவங்க போனப்பறம் ஓடுமா?

— மொத அடி விழும். அவரு கொஞ்சம் நிப்பாட்டுவாரு, மூச்சு வாங்கற மாதிரி. அத்த எழுந்து போவாங்க. அப்பறம்... அய்யோ!

— சொல்லுங்க.

— அப்பறம் தறி ஓடும். அதுக்கப்பறம்தான் மத்ததெல்லாம். அய்யோ சுகன்யா, நான் அந்த மனுசிக்காகப் பாவப்பட்டுகினு இருந்தேனே!

— கதவாண்ட நிக்காதீங்கடி! கடப்பாற உள்ள வந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல!

— அண்ணி, பெட்டி மேல உக்காந்துக்குங்க! முதுகக் கதவுல வெக்காதீங்க, குத்திடப் போறான்! மேல இருக்கற அந்த ஓட்டை ஷெட்டுப் பக்கம்தான போவுது?

— ஆமா, காத்துக்கு வெச்சது. ஸ்டூல இழுத்துப் போடு, ஜல்தி ஏறு!

— அம்மா! அம்மா! இங்க, மேல பாரும்மா!

— பாக்கறாங்களா?

— பாக்கறாங்க. சுவிட்ச் போர்டாண்டதான் நிக்கறாங்க. முந்தானைய வாயில அடைச்சுகினு இருக்காங்க. கை சுவிட்ச் மேலயே இருக்குது அண்ணி.

— சுகன்யா, மேல் தாப்பா பிச்சுகினு வருது! மரம் பொளந்துடுச்சு!

— பரிமளா! எந்த வாயால பேசுனியோ, அந்த வாய்ல இதை எறக்கறன் பாரு! பெட்டிய வெச்சா தடுப்ப?

— அம்மா! ரிசல்ட் வந்துடுச்சு! அவனுக்கு நோய் இல்ல! உன்கிட்டருந்து அவனுக்கு ஒண்ணும் வரல! உன் ரத்தத்துல ஒரு கொறையும் இல்லம்மா! கேக்குதா?

— கேக்கலியா அவங்களுக்கு?

— எடது காது இந்தப் பக்கம் இருக்குது. இல்ல, திரும்பறாங்க. வலது காத இங்க வெக்கறாங்க. அம்மா! அவனுக்கு ஒண்ணும் இல்ல, தெரிஞ்சுதான் அடிக்கறான்! அண்ணியக் கொன்னுடுவான்! உன் கையிலதான் இருக்குது, நிறுத்தும்மா!

— சுகன்யா! பெட்டி நகருது! கடப்பாற உள்ள வந்துடுச்சு, என் கால...

— நின்னுடுச்சு.

— என்னா?

— தறி. ரெண்டும் நின்னுடுச்சு அண்ணி.

— அம்மா! இன்னாத்துக்கு நிறுத்துன? போடு தறிய! தெருவுல ஆளுங்க கீறாங்கம்மா, போடுன்றன்ல!

— போட மாட்டேன் ராஜூ.

— அம்மா, பேஜார் பண்ணாத. உனக்குத் தெரியாதா? எப்பவும் நீதான...

— நான்தான். எப்பவும் நான்தான். ஒங்கப்பா கை ஓங்குனப்பவும் நானே போய் சுவிட்சப் போட்டுட்டு, நானே வந்து குந்திகினு வாங்குனேன். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு. நீ கதவோரம் நின்னு பாத்துகினு இருந்த. சுகன்யா தூங்கிகினு இருந்தா. என் காது தறியில போவல சுகன்யா.

— அம்மா...

— பிள்ளைக்கு அம்மாகிட்டருந்துதான் வரும்னு போன்ல சொன்னல்ல? சரியாத்தான் சொன்ன. அது உன் டெஸ்ட்டுல தெரியாது.

— அம்மா, மெதுவாப் பேசும்மா. பொன்னியம்மாக்கா வெளிய வந்து நிக்கறாங்க. உன் கால்ல வுழறன், கொஞ்சம் மெதுவாப் பேசு.

— பாரு, இவனுக்கு மெதுவாக்கூடப் பேசத் தெரியுது. பரிமளா! கதவுக்குப் பின்னாடிதான கீற? இப்ப கத்துடியம்மா. தெருவுக்கே கேக்கற மாதிரி கத்து.